ரடருக்கு ரிவெட் அடிப்பது எப்படி? சொந்தமாக விமானம் கட்டத் தொடங்குபவர்களுக்கு

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாலில்தான் முதலில் கை வைக்கிறார்கள். கிட் (கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பு) விற்கிற நிறுவனங்களும் அதைத்தான் முதலில் அனுப்புகின்றன. பாகங்கள் சின்னவை, ஒன்று கெட்டுப்போனாலும் மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை, இறக்கை வந்து சேர்வதற்குள் கை பழகிவிடும். அந்த வாலில் அசைகிற பாகங்கள் விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடர், மேலும் கீழுமாகத் திருப்பும் எலிவேட்டர், அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன ட்ரிம் டேப். இங்கே ரடரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கிற வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-7, ஆர்வி-8 கிட்களில் வருவது போன்ற அலுமினிய ரடரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உங்கள் கிட்டின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி, நான் சொல்வது இல்லை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அசைகிற பாகத்தில் ரிவெட்டின் (தகடுகளை இணைக்க அடித்து நசுக்குகிற உலோக ஆணியின்) அழகைவிட முக்கியமானவை மூன்று: முறுக்கு இருக்கக்கூடாது, பின்விளிம்பு நேராக இருக்க வேண்டும், கீலுக்குப் பின்னால் தேவையில்லாத எடை சேரக்கூடாது. வேகம் கூடும்போது இந்தப் பாகங்கள் தானாகவே படபடவென்று அதிர ஆரம்பிக்கக்கூடும், அதை ஃபிளட்டர் என்பார்கள். அது தொடங்கிவிட்டால் சில நொடிகளில் பாகமே பிய்ந்து போகலாம். ரடரின் மேல்முனையில், கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைப்பதே அதற்காகத்தான். ஆர்வி விமானங்கள் பலவற்றில், இறக்கையின் பின்பக்கம் அசைகிற ஐலெரானில் அதே வேலையை முன்விளிம்புக்குள் செருகிய ஒரு சாதாரண துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் செய்கிறது. ஆகவே கீழே சொல்கிற ஒவ்வொரு படியிலும் "இது நேராக இருக்கிறதா, இலேசாக இருக்கிறதா" என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, எங்கே பதிவு செய்யப் போகிறீர்கள், எங்கே பறக்கவிடப் போகிறீர்கள் என்பதைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும் என்கிற 51 சதவீதக் கணக்கெல்லாம் அமெரிக்காவில் பதிவாகும் விமானங்களுக்கு உள்ள விதி. அதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

இடமும் சத்தமும்

வீவக வீட்டில் ரிவெட் கன்னை, அதாவது காற்றழுத்தத்தில் ரிவெட்டை அடிக்கும் கருவியை, எடுக்காதீர்கள். மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீடு என்று எல்லோர் சுவரிலும் அந்தச் சத்தம் இறங்கும். கம்ப்ரசர் சத்தமும் குறைந்ததல்ல. ஆனால் ரடர் வேலையில் பெரும்பங்கு சத்தமில்லாத வேலைதான். பிசிறு எடுப்பது, விளிம்பு தேய்ப்பது, நெம்புகோலை அழுத்தித் துளையைச் சுற்றி டிம்பிள் என்ற குழி போடுவது, கையால் அழுத்தும் ஸ்குவீசரில் ரிவெட் போடுவது, இவை எல்லாவற்றையும் ஒரு படுக்கையறையில் நல்ல மேசை போட்டே செய்துவிடலாம். கன் தேவைப்படுகிற வேலையை மட்டும் சேர்த்து வைத்து, காக்கி புக்கிட், ஊபி, சுங்கை காடுட் மாதிரித் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். ரடர் ஒரு மீட்டரைத் தாண்டிய நீளம்தான், மின்தூக்கியில் தாராளமாக நுழையும்.

அடுத்தது ஈரப்பதம். நம் ஊர்க் காற்றில் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்துவிடுங்கள், குழாயில் நீர்ப்பிரிப்பானும் மாட்டுங்கள், இல்லையென்றால் அந்தத் தண்ணீர் கன்னுக்குள் போகும், பிரைமர் அடிக்கும்போது துளித்துளியாகத் தகட்டிலும் விழும். வியர்வை பட்ட விரல் அலுமினியத்தில் படாமல் மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தகட்டின்மேல் ஒட்டி வருகிற நீலப் பிளாஸ்டிக் படலத்தை ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், அதற்கடியில் ஈரம் தங்கினால் தகடு அரிக்க ஆரம்பிக்கும்.

என்ன வாங்குவது

கம்ப்ரசர், குழாய், கிளாம்ப், எஃகுத் தகடு எல்லாம் ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலேயே தேடலாம். கிளெக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் பிடிப்பான்), டிம்பிள் டை (குழி அமுக்கும் அச்சு), ஸ்குவீசர், பேக் ரிவெட் செட் (கன்னில் மாட்டும் அடிக்கும் முனை) போன்றவற்றை விமானக் கருவி விற்பவர்களிடமிருந்து வரவழைப்பதுதான் நல்லது. துளையிடும் பிட் விஷயத்தில் கவனம் வேண்டும். விமான வேலையில் எண் வரிசைப் பிட்கள்தான் பழக்கம். 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண், 1/8 அங்குலத்துக்கு 30-ஆம் எண். 40-ஆம் எண் 2.49 மி.மீ., அதனால் கடையில் கிடைக்கும் 2.5 மி.மீ. பிட் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 30-ஆம் எண் 3.26 மி.மீ., 3.2 போட்டால் ரிவெட் இறுகும், 3.3 போட்டால் தளரும். எண் பிட்களையே வாங்கிவிடுங்கள். முடிந்தால் 40-ஆம் எண் ரீமர் ஒன்றும் வாங்குங்கள், துளை வட்டமாக வரும், பிசிறும் குறையும்.

வன்பொருள் கடைப் பாப் ரிவெட்டை விமானத்தில் போடவே போடாதீர்கள், ஒன்றுகூட வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்தே போடுகிற பிளைண்ட் ரிவெட் வேண்டிய இடத்துக்குக் கிட்டிலேயே அதற்கான வகை வரும்.

ரிவெட் பையின் மேல் ஏஎன்426ஏடி3-3.5 என்று போட்டிருக்கும். 426 என்றால் தலை தகட்டோடு சமமாக உட்கார்கிற, 100 பாகைச் சரிவுள்ள வகை. 470 என்றால் தலை வெளியே உருண்டையாகத் தெரிகிற வகை. ஏடி என்பது 2117 அலுமினியக் கலவை, தலையில் நடுவே ஒரு சின்னக் குழி இருக்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். அடுத்து வரும் 3, விட்டம் 3/32 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.4 மி.மீ. கடைசி 3.5, நீளம் பதினாறில் மூன்றரை அங்குலம், 5.5 மி.மீ. சொச்சம். 426 வகைக்குத் தலையையும் சேர்த்து நீளம், 470 வகைக்குத் தலைக்குக் கீழிருந்து நீளம். செலேத்தாரில் பெரிய விமானங்களில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு, குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து உடனே அடிக்க வேண்டிய ரிவெட் வகை பழக்கமாக இருக்கும். ஏடி ரிவெட்டுக்கு அதெல்லாம் வேண்டாம், பையிலிருந்து எடுத்து அப்படியே அடிக்கலாம்.

ரிவெட்டுக்கு முன்னால்

ஒரு ரிவெட் நன்றாக உட்காருமா, உட்காராதா என்பது துளையிலேயே முடிவாகிவிடுகிறது. இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஸ்பார் (நீளவாக்கு முதுகெலும்பு), ரிப் (குறுக்கு விலா), ஸ்டிஃப்னர் (தகட்டை விறைப்பாக்கும் பட்டை), ஸ்கின் (வெளித்தகடு) எல்லாவற்றையும் முதலில் கிளெக்கோ மாட்டி ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். வெள்ளி நிறக் கிளெக்கோ 3/32 துளைக்கு, செம்பு நிறம் 1/8 துளைக்கு. எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகு துளைகளை இறுதி அளவுக்குத் துளைத்து, எந்தத் துண்டு எங்கே, எந்தப் பக்கம் மேலே என்று மார்க்கரால் எழுதிவிட்டு, திரும்பக் கழற்றுங்கள். பென்சிலால் அலுமினியத்தில் எழுதாதீர்கள், அதிலுள்ள கரி அரிப்பைக் கிளப்பும்.

பிறகு பிசிறு எடுப்பது. ரடர் ஸ்கின் பெரும்பாலும் 0.4 அல்லது 0.5 மி.மீ. கனம்தான். டிபர் கருவியை இரண்டு மூன்று சுற்று, விரலின் எடை மட்டும் போதும். அழுத்திச் சுற்றினால் துளையின் ஓரம் கத்தி மாதிரி மெலிந்து, டிம்பிள் போடும்போது அங்கிருந்தே விரிசல் விடும். பிசிறு போய்விட்டதா என்று பார்க்கக் காது குடையும் பஞ்சுக் குச்சியைத் துளைமேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தகட்டின் வெட்டு விளிம்புகளையும் அரம், பிறகு ஸ்காட்ச்-பிரைட் என்று வழவழப்பாக்க வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற கோடு எதுவும் குறுக்கே ஓடக்கூடாது.

டிம்பிள் என்பது துளையைச் சுற்றி ஒரு குழி அமுக்குவது. ஸ்கின்னிலும் அதற்கடியில் வரும் ஸ்டிஃப்னரிலும் ஒரே அளவில் டிம்பிள் போட்டால், இட்லித் தட்டுகளை அடுக்கும்போது குழிக்குள் குழி உட்காருவது போல ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துவிடும். ஆண் டை வெளிப்பக்கத்திலிருந்து வர வேண்டும், மாறிப் போட்டால் மேடு வெளியே வந்துவிடும், ஸ்கின்னே வீணாகிவிடும். ஒவ்வொரு வரிசை தொடங்கும் முன்பும் "எது வெளிப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அடி முழுதாக விழுந்த டிம்பிளைச் சுற்றிக் கூர்மையான ஒரு வளையம் தெரியும், அரைகுறையாக விழுந்ததைச் சுற்றித் தகடு லேசாகப் பள்ளமாகிக் கிடக்கும். டிம்பிள் போட்டபின் துளைகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2023-ல் வேன்ஸ் நிறுவனத்தின் லேசரில் வெட்டிய பாகங்கள் சிலவற்றில் டிம்பிள் போட்டபோது துளையோரத்தில் விரிசல் கண்டு, நிறுவனமே அதை வெளிப்படையாகச் சொல்லி மாற்றுப் பாகங்கள் கொடுத்தது. பழைய இருப்பிலிருந்தோ வேறொருவரிடமிருந்தோ கிட் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

குடைந்து எடுக்கும் கவுண்டர்சிங்க் வேலை கனமான உலோகத்துக்குத்தான். 3/32 ரிவெட்டுக்கு 0.8 மி.மீ.க்குக் குறைந்த தகட்டைக் குடையாதீர்கள்.

அப்புறம் பிரைமர். உப்புக்காற்று அடிக்கிற ஊர் இது, உள்பக்கத்துக்கு எப்பாக்ஸி பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு அடிப்பதை நான் வற்புறுத்துவேன். மெல்லிய பூச்சு என்றால் மெல்லிய பூச்சுதான், கனமாக அடித்தால் எல்லாம் கீலுக்குப் பின்னால் எடை. மழை பெய்துகொண்டிருக்கும்போது அடிக்காதீர்கள்.

ஸ்டிஃப்னர்

இனிதான் கன். முதல் ரிவெட்டை ரடரில் அடிக்காதீர்கள், அதே கனமுள்ள கழிவுத் தகட்டில் ஒரு வரிசை முழுக்க அடித்துப் பாருங்கள். பயிற்சிக்கென்றே சின்ன கிட்கள் விற்கிறார்கள், வாங்கினால் பணம் வீணாகாது. 3எக்ஸ் அளவுக் கன் என்றால் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கிக் கழிவுத் தகட்டிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, காதுக்கவசம் இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஸ்டிஃப்னரை ஸ்கின்னோடு சேர்க்கப் பேக் ரிவெட்டிங் முறைதான் புதியவர்களுக்கு ஏற்றது. ஸ்கின்னின் வெளிப்பக்கத்திலிருந்து ரிவெட்களைத் துளைகளில் போட்டு, தலைகளுக்கு மேல் ரிவெட் டேப்பை ஒட்டி, ஸ்கின்னைத் திருப்பி, தலைகள் கீழே இருக்கும்படி எஃகுப் பேக் பிளேட்மேல் வைக்கிறீர்கள். பிளேட் மேசைப் பரப்போடு சமமாகப் பதிந்திருக்க வேண்டும். மேலே ஸ்டிஃப்னரை வைத்து, சுற்றிலும் வளையம் உள்ள பேக் ரிவெட் செட்டை ரிவெட்மேல் நேராக நிறுத்தி, வளையம் முழுக்க உள்ளே போகும்வரை அழுத்தி, பிறகுதான் விசை. ஒரு நொடி, சில சமயம் அதற்கும் சற்றுக் கூட.

இதில் ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஸ்கின்னை நகர்த்தி நகர்த்தி அடிக்கும்போது ரிவெட் தலை பிளேட்டை விட்டு வெளியே போய்விட்டது தெரியாமல் விசையை அழுத்தினால், தலை மரத்தில் இறங்கி ஸ்கின்னில் ஒரு குழி விழும், அதை எடுக்கவே முடியாது. பிளேட்டின் நான்கு ஓரங்களையும் தாண்டி மேசையில் நீளமாகக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கின் மூடியிருக்கும்போதும் பிளேட் எங்கே இருக்கிறது என்று கோடு சொல்லும். ஒவ்வொரு அடிக்கு முன்பும் ஸ்கின்னை விரலால் தட்டிப் பாருங்கள், பிளேட்மேல் இருந்தால் டக்கென்று கெட்டியான சத்தம், இல்லாவிட்டால் பொத்தென்று இருக்கும்.

அடித்தபின் மறுமுனையில் நசுங்கி உருவாகிற ஷாப் ஹெட்டின் விட்டம் ரிவெட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 3/32 ரிவெட்டுக்கு ஏறக்குறைய 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம். அடிப்பதற்கு முன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளமும் ஒன்றரை மடங்குதான். இதற்கென்று ரிவெட் கேஜ் விற்கிறார்கள், கண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

எலும்புக்கூடும் ஸ்கின்னும்

ஸ்பாரையும் ரிப்களையும் 470 வகை ரிவெட்டால் சேர்ப்பது பெரும்பாலும் ஸ்குவீசர் வேலை, கை வலிக்கும், அவ்வளவுதான். கீல் தாங்கிகள் வரும் இடங்களில் வரைபடத்தில் சொன்ன நீளமா என்று ஒவ்வொரு ரிவெட்டையும் பார்த்துப் போடுங்கள்.

ஸ்கின்னைப் பொருத்தும்போது மேசை சமமாக இருப்பதுதான் எல்லாம். மேசையாகப் போடுகிற கதவுப் பலகை வளைந்திருக்கும், அதன்மேல் கட்டினால் ரடரும் அந்த வளைவோடுதான் வரும். நீர்மட்டம் வைத்து மேசையை நான்கு மூலையிலும் சரிசெய்யுங்கள். ஒரு துளை விட்டு ஒரு துளைக்குக் கிளெக்கோ மாட்டி, ரடரைப் படுக்கவைத்து எடை வைத்து, மேல்முனையையும் கீழ்முனையையும் ஒரே கோட்டில் பார்த்து முறுக்கில்லை என்று உறுதியானபின், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறிமாறிப் போங்கள். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து மறுமுனைவரை ஒரே போக்காகப் போனால் தகடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசித் துளைகள் ஒத்துவராமல் போகும்.

பின்விளிம்பு

ரடரிலேயே பொறுமையைச் சோதிக்கிற இடம் இதுதான். இரண்டு ஸ்கின்னும் சேரும் இடத்தில் நடுவே மெல்லிய ஆப்பு வடிவ அலுமினியப் பட்டை வரும். அதன் துளைகளை இரண்டு பக்கமும் குடைய வேண்டும். துளை ரடரின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், பட்டையின் சரிந்த பக்கத்துக்கு அல்ல.

இந்த மூன்றையும் பாலிசல்ஃபைடு சீலன்ட் தடவியோ மெல்லிய விஎச்பி இருபக்க ஒட்டுநாடா போட்டோ முதலில் ஒட்டிக்கொள்வது நல்லது. சீலன்ட் என்றால் சூட்டிலும் ஈரத்திலும் வேகமாக இறுகும், டப்பாவில் எழுதியிருக்கிற நேரத்தை நம் ஊரில் நம்பாதீர்கள், குளிரூட்டி ஓடுகிற அறையில் கொஞ்சமாகக் கலந்து தடவுங்கள். தடவியதும், அதே இடைவெளியில் துளையிட்ட நேரான அலுமினிய ஆங்கிளோடு பின்விளிம்பைக் கிளெக்கோ மாட்டி இறுக்கி, நன்றாக இறுகும்வரை தொடாமல் விடுங்கள். இறுகிவிட்டால் பாதி வெற்றி, ஏனென்றால் இனி ரிவெட் அடிக்கும்போது தகடுகள் நகராது.

அடிக்கும் முறை இப்படி. நீளமான பேக் பிளேட்மேல் ரடரை வையுங்கள், பின்விளிம்புப் பகுதி பிளேட்டோடு முழுக்கப் படிந்திருக்க வேண்டும், தூக்கிக்கொண்டிருக்கக்கூடாது. உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது, முன்பக்கத்தை அவர் தாங்கிக்கொள்ளட்டும். காதுக்கவசம் போட்டிருப்பீர்கள், அதனால் "போதும்", "நிறுத்து" என்பதற்கெல்லாம் தோளில் தட்டுவது மாதிரி ஒரு சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பத்துத் துளைக்கு ஒன்று என்று பாதி அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். பிறகு அந்த இடைவெளிகளின் நடுவில், பிறகு அதன் நடுவில். எல்லாம் பாதி உட்கார்ந்தபின் எஃகு அளவுகோலை விளிம்பில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். எங்காவது வளைவு தெரிந்தால் இப்போதே கையால் மெதுவாகத் திருத்த முடியும். அதன்பின் அதே வரிசையில் முழு அளவுக்கு அடித்து, கடைசியாகத் திருப்பிப்போட்டுத் தட்டையான செட்டால் லேசாகச் சமப்படுத்துங்கள். இந்த வகையில் இரண்டாவது பக்கம் தகட்டோடு முழுக்கச் சமமாக வராது, சின்னப் பள்ளம் தெரியும். அதைச் சமமாக்குகிறேன் என்று மேலும் மேலும் அடித்தால் பின்விளிம்பு அலை அலையாகிவிடும். விட்டுவிடுங்கள்.

முன்விளிம்பு உருட்டும் வேலை இதற்குப் பிறகு. ஒரு குழாயை ஸ்கின் ஓரத்தில் வலுவான டேப்பால் ஒட்டி, உள்நோக்கி உருட்டி, இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் பிளைண்ட் ரிவெட் போட்டுவிட்டால் முடிந்தது.

தவறான ரிவெட்டை எடுப்பது

எல்லா ரிவெட்டும் ஒன்றுபோல் வராது. ஷாப் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அகலமும் உயரமும் கேஜில் சரியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து, எடுக்கப் போய்த் துளையைப் பெரிதாக்குவது அதைவிட மோசம். தலை தகட்டை விட்டுத் தூக்கியிருந்தாலோ, ரிவெட் நடுவில் மடங்கிப் படுத்திருந்தாலோ, இரண்டு தகடுகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தாலோ கட்டாயம் எடுக்க வேண்டும். தலையின் நடுவிலுள்ள குழியில் 40-ஆம் எண் பிட்டை வைத்து, தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, பஞ்ச் முனையைச் செருகிச் சாய்த்தால் தலை உடைந்து வரும். மீதித் தண்டைப் பின்னால் முட்டுக்கொடுத்துத் தட்டி வெளியேற்றுங்கள். துளை பெரிதாகிவிட்டிருந்தால் என்ஏஎஸ்1097 என்ற வகை உதவும், தண்டு 1/8 அங்குலம், தலையோ சிறியது, அதனால் ஏற்கெனவே இருக்கிற டிம்பிளிலேயே உட்கார்ந்துவிடும். ஆனால் ஓரத்திலிருந்து துளையின் மையம்வரை ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போடுங்கள், பெரிய தண்டுக்குப் பெரிய தூரம் வேண்டும்.

முடிந்த பிறகு

பெயின்ட் பற்றி இப்போதே யோசியுங்கள். ஸ்கின்னில் விழுந்த சின்னச் சின்னப் பள்ளங்களை ஃபில்லர் போட்டு மறைக்க ஆசை வரும். ஆனால் கீலுக்குப் பின்னால் சேர்கிற ஒவ்வொரு கிராமுக்கும் முன்னால் ஈயம் பதில் சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்தபின் சமநிலையைக் கையேட்டில் சொன்னபடி மறுபடி சரிபாருங்கள்.

ஸ்கின்னை மூடுவதற்கு முன் உள்பக்கம் முழுவதையும் படமெடுத்து வையுங்கள், மூடியபின் யாருக்கும் அந்த ரிவெட்கள் தெரியாது, பின்னால் பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டும். படத்தில் ஓர் அளவுகோலும் வரைபடத்தின் பக்க எண்ணும் தெரிகிற மாதிரி எடுங்கள், தேதியோடு ஒரு நோட்டில் அன்றைய வேலையை எழுதி வையுங்கள். முடிந்த ரடரைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். பருத்தித் துணி போர்த்தி, கீல் பக்கம் மேலே இருக்கும்படி, பின்விளிம்பு எதிலும் முட்டாமல் சுவரில் தொங்கவிடுங்கள்.